யூ-டர்ன்: எங்கே திரும்பலாம், எங்கே திரும்பக் கூடாது?
(லோடு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்)



வரி, எடை அளவை முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று கடைக்குள் கடைப்பிடிக்க வேண்டிய சட்டங்களை நாம் அடிக்கடி பேசுகிறோம். கடைக்கு வெளியே, சரக்கு ரோட்டில் போகும்போது உள்ள சட்டங்களைப் பற்றிப் பேசுவது குறைவு. "அது டிரைவர் வேலை" என்று விட்டுவிடுகிறோம். நானும் அப்படித்தான் பல வருடம் இருந்தேன். இனிமேல் அப்படி இருக்க முடியாது என்று எனக்குப் புரிந்தது 2013ஆம் ஆண்டு மாசி மாதத்தில். அதைச் சொல்லிவிட்டுப் பாடத்துக்கு வருகிறேன்.

எனக்கு விருதுநகரில் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம். அப்போது சொந்தமாக ஒரு மினி லாரி ஓடிக்கொண்டிருந்தது. சாத்தூர் ரோட்டில் நான்கு வழிச்சாலையை ஒட்டி உள்ள ஒரு பலசரக்குக் கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வண்டி ஊருக்குத் திரும்ப வேண்டும். முறைப்படி என்றால், நேராக ஏறக்குறைய 2 கிலோமீட்டர் முன்னே போய், சென்டர் மீடியனில் விட்டிருக்கும் இடைவெளியில் திரும்பி வரவேண்டும். ஆனால் கடைக்குப் பின்னால் 400 மீட்டரிலேயே ஒரு இடைவெளி இருந்தது. எங்கள் டிரைவர் அந்த 400 மீட்டரையும் எதிர்த்திசையில் ஓட்டிப் போய் அங்கே திருப்பினார். மாலை மங்கிய நேரம். தன் வழியில் முறையாக மொபெட்டில் வந்த ஒருவர், எதிரே லாரி வரும் என்று எப்படி நினைப்பார்? மோதி விழுந்தார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

அவரும் நம்மைப் போல ஒரு வியாபாரிதான். காய்கறிக் கடை வைத்திருந்தவர். ஐந்து மாதம் கடை திறக்கவில்லை. தள்ளுவண்டியிலிருந்து கடைக்கு உயர்ந்த மனிதர், பழைய கடனுக்கும் புதுக் கடனுக்கும் வட்டி கட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தார்.

அன்று இரவு ஆஸ்பத்திரி வாசலில் டிரைவரைக் கோபமாகக் கேட்டேன், "ஏன்ப்பா இப்படிச் செஞ்ச?" என்று. அவர் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "அண்ணாச்சி, போன வாரம் கிலோமீட்டர் கூட ஓடியிருக்குன்னு கேட்டீங்களே. சுத்திப் போனா மறுபடியும் கேப்பீங்கன்னு நெனச்சேன்."

எனக்கு அதற்குமேல் பேச வாய் வரவில்லை. கேட்டது உண்மை. எட்டு கிலோமீட்டர் கூடுதலுக்கு நான் கணக்குக் கேட்டிருந்தேன். அன்று அந்த வண்டி அங்கே திரும்பியதில் என் பங்கும் இருந்தது. அதனால்தான் இந்தப் பாடத்தை டிரைவர்களுக்கு மட்டும் எழுதாமல் முதலாளிகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் இயற்றப்பட்டு, 1989 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 118ஆவது பிரிவின்படி மத்திய அரசு வண்டி ஓட்டும் முறைகளை வகுக்கிறது. முதலில் 1989ல் சாலை விதிகள் வந்தன. பின்பு 2017ல் அவற்றை எடுத்துவிட்டு, விரிவான புதிய ஓட்டுதல் ஒழுங்குமுறைகளைக் கொண்டுவந்தார்கள். யூ-டர்ன் விஷயத்தில் அடிப்படை மாறவில்லை. அதைச் சுருக்கமாகச் சொன்னால்:

(அ) யூ-டர்ன் தடை என்று பலகை வைத்த இடத்தில் திரும்பக் கூடாது. வட்டமான வெள்ளைப் பலகை, சிவப்பு விளிம்பு, நடுவில் கவிழ்த்த லாடம் போல வளைந்த கறுப்பு அம்பு, அதன் குறுக்கே சிவப்புக் கோடு. இதுதான் அந்தப் பலகை.

(ஆ) பலகை இல்லாவிட்டாலும், போக்குவரத்து நெரிசலாக ஓடும் ரோட்டில் திரும்பக் கூடாது. "போர்டு இல்லையே சார்" என்று சொல்வது செல்லாது. இதைப் பலர் அறிவதில்லை.

(இ) ரோட்டின் நடுவே விடாமல் போட்ட முழுக்கோட்டைத் தாண்டித் திரும்பக் கூடாது. இரட்டை முழுக்கோடு என்றாலும் அப்படியே. விட்டுவிட்டுப் போட்ட கோடு என்றால், பாதுகாப்பாக இருக்கும்போது தாண்டலாம். ஒரு முழுக்கோடும் ஒரு விட்ட கோடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், நம் பக்கத்துக் கோடு எதுவோ அதுவே நமக்குச் சட்டம்.

(ஈ) திரும்ப அனுமதி உள்ள இடத்திலும், வலதுபக்கம் திரும்புவதற்கு உரிய சைகை காட்டி, கண்ணாடியில் பின்னால் வருவதைப் பார்த்து, ஆபத்து இல்லை என்று உறுதியான பிறகே திரும்ப வேண்டும்.

ஒரு வழிப் பாதையில் யூ-டர்ன் என்ற பேச்சுக்கே இடமில்லை. திரும்பிய அடுத்த நொடியே எதிர்த்திசையில் ஓட்டுவதாகிவிடும்.

2. சிக்னலில் எப்படி?

சிவப்பு விளக்கு எரியும்போது, "நான் நேராகப் போகவில்லை, திரும்பத்தான் செய்கிறேன்" என்று யூ-டர்ன் எடுப்பவர்கள் உண்டு. இது தவறு. யூ-டர்ன் என்பது வலதுபக்கத் திருப்பத்தின் நீட்சி. வலதுபக்கம் திரும்ப எப்போது விளக்கு விழுகிறதோ, அப்போது, அங்கே யூ-டர்ன் தடைப் பலகையும் இல்லாவிட்டால் மட்டும் திரும்பலாம். போக்குவரத்துக் காவலர் கை காட்டினால் விளக்கைவிட அவர் கையே பெரிது.

சென்னை, கோவை போன்ற நகரங்களில் சில ஆண்டுகளாகப் பல சந்திப்புகளில் நேராகக் கடப்பதையும் வலதுபக்கம் திரும்புவதையும் மூடிவிட்டு, சற்றுத் தள்ளி யூ-டர்ன் போட்டுவரச் செய்திருக்கிறார்கள். வெளியூர் டிரைவர்கள் இதில் தடுமாறிவிடுவார்கள். பழைய ஞாபகத்தில் போய்த் தடுப்பு முன்னால் நின்று, பின்னோக்கி எடுத்து, நாலாபுறமும் ஹாரன் சத்தத்தோடு நிற்க வேண்டாம். இடதுபக்கம் திரும்பி, பலகை காட்டும் இடத்தில் சுற்றி வருவதுதான் அங்கே வழி.

3. லோடு வண்டிக்கு ஏன் கூடுதல் கவனம்?

ஆட்டோ வளைகிற இடத்தில் லாரி வளையாது. சாதாரண இருவழிச் சாலையின் தார்ப்பகுதி 7 மீட்டர், அதாவது தடத்துக்கு 3.5 மீட்டர். இதில் பெரிய லாரி ஒரே வளைவில் திரும்பவே முடியாது. முன்னே ஒருமுறை, பின்னே ஒருமுறை, மறுபடி முன்னே என்று ரோட்டைக் குறுக்கே அடைத்துக்கொண்டு நிற்கும். அந்த நேரம் இரண்டு பக்கமும் வருகிறவர்களுக்கு அது ஒரு சுவர்.

இன்னொன்று, திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அந்த உள்பக்கத்தில் சைக்கிளோ, நடந்து போகிறவரோ இருந்தால் டிரைவர் இருக்கையிலிருந்து தெரியாது. திருப்பும்போது லோடுமேன் கீழே இறங்கி நின்று பார்க்க வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 36 கிலோமீட்டர் வேகம் என்றால் விநாடிக்கு 10 மீட்டர். மணிக்கு 72 என்றால் விநாடிக்கு 20 மீட்டர். சரக்கு ஏற்றிய லாரி நின்ற நிலையிலிருந்து கிளம்பி, திரும்பி, தன் தடத்தில் நேராக வர 12 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். (கடை வாசலில் நின்று கடிகாரம் பார்த்தேன், பல வண்டிக்கு அதற்கு மேலும் ஆகிறது.) அந்த 12 விநாடியில் 72ல் வரும் பஸ் 240 மீட்டர் ஓடியிருக்கும். ஆக, திருப்பத் தொடங்கும்போது கண்ணுக்கெட்டிய 240 மீட்டர் காலியாக இருக்க வேண்டும். "அந்தா தூரத்துலதானே வர்றான்" என்பது கணக்கு அல்ல. பஸ் டிரைவர் நம் வண்டியைக் கண்டு பிரேக்கில் கால் வைக்க ஒரு விநாடி ஆனாலும், அதற்குள் 20 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்கும் தூரம் அதற்குமேல்.

இதனால்தான் வளைவுக்கு அருகில், பாலத்தின் மேல், மேடு ஏறி இறங்கும் இடத்தில் யூ-டர்ன் எடுக்கவே கூடாது. அங்கே 240 மீட்டர் நமக்கும் தெரியாது, எதிரே வருகிறவருக்கும் தெரியாது.

4. நான்கு வழிச்சாலையில் மீடியன் இடைவெளி

மீடியனில் இடைவெளி வருகிறது என்று முன்கூட்டியே எச்சரிக்கும் முக்கோணப் பலகை வைத்திருப்பார்கள். அதைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்து, வலது இண்டிகேட்டரைப் போட்டு, திரும்புவதற்கென்று தனித் தடம் இருந்தால் அதில் ஒதுங்க வேண்டும். இடது தடத்திலிருந்து திடீரென்று குறுக்கே வெட்டி வலப்புறம் போவதுதான் பெரும் ஆபத்து.

இடைவெளியில் நிற்கும்போது வண்டியின் பின்பாகம் எங்கே இருக்கிறது என்று கவனியுங்கள். மீடியன் அகலம் குறைவு, வண்டி நீளம். பின்பாகம் வேகமாக வரும் தடத்தில் நீட்டிக்கொண்டு நிற்கும். இருட்டில் வரும் கார்க்காரருக்கு அது தெரியாது. நீளமான வண்டியானால் அந்த இடைவெளியை விட்டுவிட்டு, மேம்பாலத்துக்குக் கீழே சர்வீஸ் ரோடு வழியாகத் திரும்பும் இடம் வரை போவதே நல்லது.

இரவில் லாரி குறுக்கே நிற்கும்போது அதன் விளக்குகள் முன்னும் பின்னும்தான் எரியும். பக்கவாட்டில் இருட்டு. ஆகவே ஒளி திருப்பும் ஸ்டிக்கர் பட்டைகள் அவசியம். முன்னால் வெள்ளை, பக்கவாட்டில் மஞ்சள், பின்னால் சிவப்பு. எஃப்.சி.க்குப் போகும்போது மட்டும் ஒட்டிவிட்டு, தூசி படிந்து கிடக்க விடாதீர்கள். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

5. திரும்பும் முறை

டிரைவருக்கு நான் சொல்லிக்கொடுப்பது ஆறு படி:

ஒன்று, பலகையும் கோடும் அனுமதிக்கிறதா என்று பார்.
இரண்டு, இண்டிகேட்டர் போடு. அது வேலை செய்யாவிட்டால் வலது கையை வெளியே தோள் மட்டத்துக்கு நேராக, உள்ளங்கை முன்னே தெரிய நீட்டு.
மூன்று, கண்ணாடியில் பின்னால் பார். கண்ணாடியில் தெரியாத பக்கத்தைத் தலையைத் திருப்பிப் பார்.
நான்கு, நேராக வருகிறவருக்கும் நடந்து கடக்கிறவருக்கும் முதலில் வழி விடு. திரும்புகிறவன்தான் காத்திருக்க வேண்டும்.
ஐந்து, ரோடு காலியானதும் தயங்காமல், ஒரே சீராகத் திருப்பு. பாதியில் நிறுத்தாதே.
ஆறு, திரும்பியதும் இடது தடத்துக்கு வந்து வேகம் எடு.

இதற்கெல்லாம் செல்போன் பேசும் கையோடு முடியாது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

6. அபராதமும் வழக்கும்

2019ல் சட்டத்தைத் திருத்தி, அந்த வருடம் செப்டம்பர் 1 முதல் அபராதத்தை உயர்த்தினார்கள். தமிழ்நாட்டில் உயர்த்திய தொகையை 2022 அக்டோபரிலிருந்து வசூலிக்கிறார்கள். பொதுவான விதிமீறலுக்கு 177ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 வரை. ஓட்டுதல் ஒழுங்குமுறைகளை மீறினால் 177-ஏ பிரிவில் 500 முதல் 1,000 வரை.

இது சிறியது. பெரியது 184ஆவது பிரிவு, அதாவது ஆபத்தான முறையில் ஓட்டுதல். 2019 திருத்தத்தில், அனுமதித்த திசைக்கு எதிராக ஓட்டுவதையும் இதில் சேர்த்திருக்கிறார்கள். எங்கள் டிரைவர் ஓட்டிய அந்த 400 மீட்டர் இன்றைக்கு இந்தப் பிரிவில்தான் வரும். முதல் குற்றத்துக்கே 6 மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மூன்று வருடத்துக்குள் மறுபடி செய்தால் இரண்டு வருடம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய், அல்லது இரண்டும். கவனக்குறைவால் ஓர் உயிர் போய்விட்டால், 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை உண்டு.

முதலாளிக்கு என்ன? இன்சூரன்ஸ் நடப்பில் இருந்தால், அடிபட்டவருக்கு மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் விதிக்கும் தொகையை இன்சூரன்ஸ் நிறுவனம் கட்டும். இன்சூரன்ஸ் விட்டுப்போயிருந்தால் முழுத் தொகையும் உரிமையாளர் தலையில். டிரைவருக்கு முறையான உரிமம் இல்லை என்றால், அடிபட்டவருக்குக் கொடுத்துவிட்டு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு உத்தரவாகும் வழக்குகள் உண்டு. வண்டியில் இருந்த சரக்குக்குத் தனியாகப் பாலிசி எடுத்திருந்தால்தான் உண்டு, வண்டிப் பாலிசியில் அது வராது. என் வழக்கில் காகிதங்கள் எல்லாம் சரியாக இருந்தன. அப்படியிருந்தும் அந்தக் காய்கறி வியாபாரியின் கைக்குப் பணம் போய்ச் சேர இரண்டு வருடத்துக்கு மேல் ஆனது. இடையில் அவர் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே! அதைக் கோர்ட்டு பார்க்காது, நாம்தான் பார்க்க வேண்டும்.

7. சுற்றி வருவதன் விலை

இப்போது நம் பாஷையில் லாப நஷ்டம் பார்ப்போம். 2 கிலோமீட்டர் முன்னே போய்த் திரும்பி வந்தால் 4 கிலோமீட்டர். மினி லாரி லிட்டருக்கு 10 கிலோமீட்டர் கொடுக்கிறது, டீசல் லிட்டர் 95 ரூபாய் என்றால், செலவு 38 ரூபாய். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் நேரம் 6 நிமிடம். ஒரு மூட்டைத் துவரம் பருப்பில் நாம் கிலோவுக்குப் பத்துப் பைசா, இருபது பைசா பார்த்து வியாபாரம் செய்கிறவர்கள். 38 ரூபாயும் காசுதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மிச்சம் பிடிக்கப்போய் வண்டி ஸ்டேஷனில் நிற்பது, சரக்கு நடுரோட்டில் நிற்பது, கோர்ட்டுக்கு அலைவது, ஒரு குடும்பத்தின் கண்ணீர், இதையெல்லாம் எந்தப் பேரேட்டில் எழுதுவது?

சுற்றலைக் குறைக்க நேர்மையான வழியும் இருக்கிறது. சரக்கு இறக்கும் வரிசையை மாற்றுவதுதான். போகும்போது ரோட்டின் இடதுபக்கக் கடைகளுக்கு மட்டும் இறக்க வேண்டும். வலதுபக்கக் கடைகளுக்குத் திரும்பி வரும்போது இறக்க வேண்டும், அப்போது அவை இடதுபக்கமாகிவிடும். லோடு ஏற்றும்போதே கடைசியில் இறக்குவதை உள்ளே, முதலில் இறக்குவதை வெளியே அடுக்கினால் ஒரே ஒரு யூ-டர்னில் முழு லைனும் முடிந்துவிடும். அமெரிக்காவில் யு.பி.எஸ். என்ற பெரிய பார்சல் நிறுவனம், எதிர்ப்போக்குவரத்தை வெட்டித் திரும்பும் திருப்பங்களைக் குறைத்தே தன் வண்டிகளின் பாதைகளை வகுக்கிறது. அங்கே வலதுபக்கம் ஓட்டுவதால் அவர்கள் இடதுபக்கத் திருப்பத்தைத் தவிர்க்கிறார்கள், நாம் வலதுபக்கத் திருப்பத்தைத் தவிர்க்க வேண்டும். இந்த மாற்றம் செய்த பிறகு எங்கள் வண்டிக்குக் கிலோமீட்டர் கூடவில்லை, குறையவே செய்தது.

சில்லறைக் கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். "எதிர்ப்பக்கம்தானே நிக்கிறீங்க, அப்படியே வளைச்சுட்டு வந்து வாசல்ல இறக்குங்க" என்று டிரைவரை அவசரப்படுத்தாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்தால் சரக்கு உங்கள் வாசலுக்கே முறையாக வரும். பதறாத காரியம் சிதறாது.

8. உங்கள் டிரைவரிடம் கேட்டுப் பாருங்கள்

கேள்வி: தடைப் பலகை இல்லாத கடைவீதியில், நெரிசல் நேரத்தில் யூ-டர்ன் எடுக்கலாமா?
பதில்: கூடாது. நெரிசலான ரோடே தடைதான்.

கேள்வி: என் பக்கம் விட்ட கோடு, எதிர்ப்பக்கம் முழுக்கோடு. நான் தாண்டலாமா?
பதில்: ரோடு காலியாக இருந்தால் தாண்டலாம்.

கேள்வி: சிவப்பு விளக்கில் யூ-டர்ன்?
பதில்: கூடாது. வலதுபக்கத்துக்கு விளக்கு விழும்வரை காத்திருக்க வேண்டும்.

கேள்வி: திரும்பும் இடத்தை 100 மீட்டர் தாண்டி வந்துவிட்டேன். ஓரமாகவே பின்னால் போகலாமா?
பதில்: கூடாது. அடுத்த இடைவெளி வரை போக வேண்டும்.

கடைசிக் கேள்விக்கு டிரைவர் சரியான பதில் சொல்ல வேண்டுமானால், முதலாளி முதலில் ஓர் உறுதி கொடுத்திருக்க வேண்டும். எங்கள் டிரிப் ஷீட்டின் தலைப்பில் இப்போது ஒரு வரி அச்சடித்திருக்கிறோம்: "முறையாகச் சுற்றி வந்த கிலோமீட்டருக்குக் கேள்வி இல்லை." அதே டிரைவர் இன்றும் எங்களிடம்தான் இருக்கிறார். தினமும் அந்த வரிக்குக் கீழேதான் கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் காய்கறி வியாபாரியும் பூண்டு வாங்க எங்கள் கடைக்கு வருவார். படி ஏறும்போது இடது காலைச் சற்று இழுத்துத்தான் வைப்பார். "என்ன அண்ணாச்சி, வியாபாரம் எப்படி?" என்று சிரித்துக்கொண்டே கேட்பார். அவர் படி ஏறி முடிக்கும்வரை நான் கல்லாவில் உட்காருவதில்லை, எழுந்து நிற்பேன்.

உங்களில் யாருக்கும் அப்படி எழுந்து நிற்கும் நிலை வர வேண்டாம். இந்த இதழைப் படித்து முடித்ததும் டிரைவரை அழைத்து, பக்கத்தில் உட்காரவைத்து, ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.